க்ரும்லோவுக்கு ஆற்று வழியே போங்கள்

செக் குடியரசின் தென்கோடியில், ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் செஸ்கி க்ரும்லோவுக்குப் போகும் வெளிநாட்டுப் பயணிகளில் பலர் அந்த ஊரில் இருப்பது சில மணி நேரம்தான். பிராகிலிருந்து வியன்னாவுக்கோ சால்ஸ்பர்க்குக்கோ போகும் சுற்றுலாப் பேருந்து வழியில் அங்கே நிற்கும். வழிகாட்டி ஒரு குடையையோ கொடியையோ உயர்த்திப் பிடித்தபடி முன்னே நடப்பார். கோட்டைப் பாலத்தில் ஒரு படம், சதுக்கத்தில் சர்க்கரை தூவிய ட்ர்தெல்னீக் ரொட்டி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்க ஒரு காந்த வில்லை, பிறகு மறுபடியும் பேருந்து. பத்து நாளில் ஐந்தாறு நாடு என்று சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இதற்கு மேல் நேரமும் கிடைப்பதில்லை.

அப்படிப் பார்ப்பது பார்ப்பவருக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம். க்ரும்லோவுக்கு வல்தாவா ஆற்றின் வழியாகப் போக வேண்டும். படகில் போய், வழியில் ஓரிரு இரவு கரையிலேயே கூடாரம் அடித்துத் தங்கிப் போக வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் அறியாத ரகசியம் ஒன்றும் இல்லை இது. செக் குடும்பங்கள் கோடை விடுமுறையில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் காரியம்.

அந்த ஊர் அங்கே முளைத்ததற்குக் காரணமே ஆறுதான். வல்தாவா இந்த இடத்தில் கொண்டை ஊசி போல அடுத்தடுத்து மடங்கித் திரும்புகிறது. மடிப்புக்குள் அகப்பட்ட நிலத்தில் ஊர் இருக்கிறது, எதிர்க்கரைப் பாறையின் மேல் கோட்டை நிற்கிறது. அகழி வெட்டும் வேலையைப் பெருமளவு ஆறே முடித்துவைத்துவிட்டது. கோட்டையைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு 1253ஆம் ஆண்டுக்கு உரியது. 1302 முதல் முந்நூறு ஆண்டுகள் ரோஷ்ம்பெர்க் பிரபுக்கள் இங்கிருந்துதான் தெற்கு போகீமியாவை ஆண்டார்கள். ஐந்து இதழ் ரோஜா அவர்களுடைய சின்னம். ஊரில் நடக்கும்போது சுவரிலும் வாசல் வளைவிலும் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பிறகு எக்கன்பெர்க் குடும்பம் வந்தது, 1719இல் ஷ்வார்ட்சன்பெர்க் குடும்பம் வந்தது. நாட்டில் பிராக் கோட்டைக்கு அடுத்த பெரிய கோட்டை இதுதான். 1992இல் ஊரின் பழைய பகுதி முழுவதும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

படகுப் பயணம் பெரும்பாலும் விஷ்ஷி ப்ரோடில் தொடங்கும். அங்கே 1259இல் வோக் என்ற ரோஷ்ம்பெர்க் பிரபு நிறுவிய சிஸ்டர்சியன் மடாலயம் இருக்கிறது. நாஜிகள் ஒரு முறை மூடினார்கள், கம்யூனிஸ்ட் அரசு இன்னொரு முறை மூடியது. 1990இல் துறவிகள் திரும்பி வந்தார்கள். மடாலயத்துக்குக் கொஞ்சம் மேலே, 1950களில் கட்டிய லிப்னோ அணை. பரப்பளவில் செக் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் அது. அணைத் தண்ணீர் நிலத்தடி மின்நிலையத்துக்குள் இறங்கி, சுரங்கம் வழியாக விஷ்ஷி ப்ரோடுக்கு அருகே வெளியே வருகிறது. இதனால் ஆற்றின் பழைய தடத்தில் பாறைகள் நிறைந்த ஒரு பகுதி ஏறக்குறைய வறண்டு கிடக்கிறது. பிசாசின் சுவர் என்று அந்தப் பாறைச் சரிவுக்குப் பெயர். செக் இசையமைப்பாளர் பெட்ரிஷிக் ஸ்மெத்தனா 1882இல் அரங்கேற்றிய ஓபராவுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். வல்தாவாவைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற இசைப் படைப்பு அதற்கு முன்பே, 1874இல் உருவானது. அவர் காதில் விழுந்த ஆற்றின் ஒரு துண்டு இன்று குழாய்க்குள் ஓடுகிறது என்பது வருத்தமான விஷயம். ஆனால் கோடையில் மற்ற செக் ஆறுகள் வற்றிப் படகு தரைதட்டும் காலத்திலும் இங்கே தண்ணீர் இருப்பது அதே அணையால்தான். அணையின் ஆழத்திலிருந்து வரும் நீர் என்பதால் ஜூலை மாதத்திலும் கால் வைத்தால் சில்லிடும்.

படகு இருவர் அமரும் பிளாஸ்டிக் கனோ. முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவரை ஹாச்செக் என்பார்கள், பின்னால் இருந்து திசை பிடிப்பவர் ஸாதாக். முன்னவர் வேகம் கொடுப்பார். படகு போகும் வழிக்குப் பின்னவர் பொறுப்பு. பாதிக் குடும்பச் சண்டை இந்த இரண்டு இருக்கைகளுக்கு நடுவில்தான் நடக்கும் என்று செக்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள். மாற்றுத் துணி, ரொட்டி, கைபேசி எல்லாம் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பீப்பாய்க்குள். பீப்பாயை மறக்காமல் படகோடு கட்ட வேண்டும். கட்டாத பீப்பாய் படகு கவிழ்ந்தால் தன் வழியே போய்விடும். ஆற்றில் எதிர்ப்படும் ஒவ்வொரு படகுக்கும் ‘அஹோய்’ என்று குரல் கொடுப்பது மரியாதை. கடலே இல்லாத நாட்டில் மாலுமிகளின் வணக்கம் ஊரறிந்த வாழ்த்தாகிவிட்டது. வாடகைக்கடைக்காரர் முதல் கரையில் தூண்டில் போடுபவர் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வழியில் குறுக்கே வரும் தடுப்பணைகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாவரைக்கும் ஆலைகளுக்கும் மரம் அறுக்கும் பட்டறைகளுக்கும் நீர் திருப்பவே இங்கே ஆற்றை மறித்தார்கள். சில அணைகளின் ஒரு பக்கத்தில் சரிவான ஒரு வாய்க்கால் விட்டிருக்கும். ஷ்லாய்ஸ்னா என்று அதற்குப் பெயர். மேல்காட்டில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விட்ட காலத்தில், தெப்பம் அணையைத் தாண்ட இப்படிப்பட்ட வழிகள்தான் உதவின. மரத் தெப்பத் தொழில் நின்று பல காலம் ஆகிறது. செக் உள்ளிட்ட ஆறு நாடுகளின் தெப்ப மரபை 2022இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தெப்பம் போன வழியில் இன்று கனோ போகிறது. அணைக்கு முன்னால் எழுந்து நின்று தண்ணீரின் போக்கை நோட்டமிட்டு, படகின் மூக்கை வாய்க்காலுக்கு நேராக வைத்து, துடுப்பை நிறுத்தாமல் போட்டால் இரண்டே நொடியில் கீழே. நுரை மடியில் கொட்டும். இடைக்காலத்து நகரம் எதைக்கொண்டு பிழைத்தது என்பதை அருங்காட்சியகப் பலகையில் படித்துத் தெரிந்துகொள்வதைவிட இது நன்றாகப் புரியவைக்கிறது. துணிச்சல் வராதவர்கள் கரை ஒதுங்கிப் படகைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அணைக்குக் கீழே சுழலும் நீர் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மிதவை அங்கியைக் கழற்றவே கூடாது.

பத்துக் கிலோமீட்டர் போனால் ரோஷ்ம்பெர்க் கோட்டை ஆற்று வளைவின் மேல் எழுந்து நிற்கும். அந்தக் குடும்பத்தின் மூல வீடு அதுதான். பதினைந்தாம் நூற்றாண்டில் கொடுமைக்காரக் கணவனுக்கு வாழ்க்கைப்பட்ட பெர்ஹ்த்தா என்ற ரோஷ்ம்பெர்க் பெண், வெள்ளை உடையில் இன்னும் இந்தக் குடும்பத்தின் கோட்டைகளில் நடமாடுகிறாள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

சாயங்காலம் கூடாரத் திடல். ஆற்றங்கரைப் புல்வெளி, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, வரிசையாகக் கவிழ்த்து வைத்த படகுகள், ஒரு சிறிய உணவுக் கடை. அங்கே பொரித்த பாலாடைக்கட்டி கிடைக்கும், லங்கோஷ் என்ற பொரித்த ரொட்டி கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த இரண்டை வைத்தே சமாளித்துவிடலாம். நெருப்புக் குழியைச் சுற்றி உட்கார்ந்து, குச்சியில் செருகிய தடித்த சாசேஜை வாட்டிக்கொண்டு, யாராவது ஒருவர் கிதாரை எடுத்ததும் மற்றவர்கள் பாடத் தொடங்குவார்கள். இந்தப் பழக்கத்துக்கு நூறு ஆண்டு வரலாறு உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் பிராக் நகரத்துத் தொழிலாளர்களும் இளைஞர்களும் சனி ஞாயிறுகளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு காட்டுக்கும் ஆற்றுக்கும் கிளம்பினார்கள். ட்ராம்பிங் என்று அதை அழைத்தார்கள். அதற்கென்றே பாட்டுகள் பிறந்தன. கம்யூனிஸ்ட் ஆட்சியில் எல்லைக்கு வெளியே போக வழியில்லாதபோது, காவலரும் கட்சியும் எட்டிப் பார்க்காத கொஞ்ச இடம் இந்த நெருப்பைச் சுற்றித்தான் மிச்சம் இருந்தது. கூடாரம் என்பதைப் பணம் மிச்சப்படுத்தும் தங்குமிடமாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த வரலாற்றைத் தவறவிடுகிறார்கள்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ க்ரும்லோவுக்குள் படகு நுழையும். பேருந்தில் வருகிறவர்கள் ஊரின் முகப்பைப் பார்க்கிறார்கள். ஆற்றில் வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது புறக்கடை: பாறையிலிருந்து எழும்பும் கல் சுவர், தண்ணீருக்கு இறங்கும் படிகள், காய்கறித் தோட்டம், கொடியில் காயும் துணி. ஊருக்குள்ளேயே அடுத்தடுத்துத் தடுப்பணைகள். பாலத்தின் மேல் நிற்கும் கூட்டம் கீழே போகும் படகு கவிழுமா என்று காத்திருக்கும். தலையை நிமிர்த்தினால், வண்ணம் தீட்டிய வட்டக் கோபுரம் வளைவுக்கு வளைவு இடம் மாறி, ஒரு முறை இடப்பக்கமும் ஒரு முறை வலப்பக்கமும் தெரியும். எகோன் ஷீலேயின் ஓவியங்களில் இந்த ஊர் ஏன் கறுத்த நீரால் சூழப்பட்ட கூரைகளின் குவியலாக இருக்கிறது என்பது அப்போது புரியும். அவருடைய தாயின் சொந்த ஊர் இது. 1911இல் வியன்னாவை வெறுத்து இங்கே குடிவந்தார். திருமணம் ஆகாமல் துணைவியோடு வாழ்ந்ததும், சிறு வயதுப் பெண்களை வைத்து ஆடையற்ற உருவங்கள் வரைந்ததும் ஊராருக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆண்டே அவர் வெளியேற நேர்ந்தது. அவரை ஏற்க மறுத்த ஊரில் 1993 முதல் அவர் பெயரில் ஒரு கலை மையம் இயங்குகிறது.

க்ரும்லோவ் இரண்டு முறை காலியான ஊர். முதல் முறை 1945–46இல். ஜெர்மன் மொழி பேசிய பெரும்பான்மை மக்கள் போருக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஆளில்லாத வீடுகளில் வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். பராமரிக்கப் பணமும் மனமும் இல்லாமல் சுவர்கள் உதிர்ந்தன. 1989க்குப் பிறகு பழுது பார்த்தார்கள், மிக நன்றாகவே பார்த்தார்கள். 2002 ஆகஸ்ட் வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோதும் மறுபடி எழுந்தார்கள். இரண்டாவது முறை ஊரைக் காலி செய்தது சுற்றுலா. பழைய ஊரின் வீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் நினைவுப்பொருள் கடைகளாகவும் மாற, குடியிருந்தவர்கள் ஆற்றுக்கு அப்பால் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். நகராட்சியின் மொத்த மக்கள்தொகை 13,000 அளவில் இருக்கிறது. அதில் கோட்டைக்குக் கீழே இரவு தூங்கி எழுகிறவர்கள் மிகச் சொற்பம்.

இதைச் சொல்ல கதெரினா ஷெடா என்ற செக் கலைஞர் 2018 கோடையில் ஒரு வேலை செய்தார். விளம்பரம் கொடுத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பழைய ஊருக்குள் வீடு பிடித்துக் கொடுத்து, சம்பளமும் கொடுத்து, அங்கே சாதாரணமாக வாழச் சொன்னார். துணி உலர்த்துவது, வாசலில் அக்கம்பக்கத்தாரோடு பேசுவது, பிள்ளைகளைத் தெருவில் விளையாட விடுவது, இவைதான் வேலை. அந்த ஆண்டு வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியின் செக்-ஸ்லோவாக் அரங்கில் அந்தத் திட்டம் இடம்பெற்றது. சம்பளம் கொடுத்து ஆட்களை ஒரு ஊரில் வாழவைக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்பதைவிடக் கடுமையாக யாரும் அந்த நிலைமையைச் சொல்லிவிட முடியாது.

மறு ஆண்டு, 2019 ஜூனிலிருந்து, சுற்றுலாப் பேருந்துகள் முன்கூட்டியே நேரம் பதிவு செய்து கட்டணம் கட்டினால்தான் ஆட்களை இறக்கலாம் என்று நகராட்சி விதி போட்டது. சரியான முடிவு. ஆனால் அது பாதி வேலைதான். பேருந்தைத் தடுப்பதால் குடியிருப்பவர் திரும்பி வந்துவிடமாட்டார். மெதுவாக வந்து, இரவு தங்கி, சுற்றுப்புறக் கிராமங்களிலும் பணத்தைச் செலவழிக்கிற பயணியை நகரம் தேடிப் பிடிக்க வேண்டும். கூடாரத்தில் தங்கும் படகுக்காரர் அப்படிப்பட்டவர். அவர் பழைய ஊருக்குள் ஒரு வீட்டையும் அடைத்துக்கொள்வதில்லை. அவருடைய படுக்கைக்காக யாரும் குடிமாற வேண்டியதில்லை. காலைச் சாப்பாட்டை ஒரு கிராமத்திலும் மாலைச் சாப்பாட்டை இன்னொரு கிராமத்திலும் முடிக்கிறார். விடுதி அறைக்கு ஆகும் பணத்தை அவர் தரமாட்டார் என்று விடுதிக்காரர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் சில மணி நேரத்தில் ஓடிப்போகும் பேருந்துப் பயணியும் அறை எடுப்பதில்லையே?

படகுக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் சொல்ல முடியாது. ஜூலை, ஆகஸ்டில் ஆறு நெரிகிறது. ஷ்லாய்ஸ்னா முன்னால் படகுகள் வரிசையில் நிற்கும். கரைக்குக் கரை பீர் விற்கிறார்கள். நடுப்பகலிலேயே தள்ளாடும் கூட்டங்கள் உண்டு. ஆற்றோரம் குடியிருப்பவர்களுக்கு இரவில் கூச்சல் தொல்லை. பிளாஸ்டிக் தட்டும் காலி டப்பாவும் தண்ணீரில் மிதக்கின்றன. குறித்த திடல்களில் மட்டும் கூடாரம், இரவில் அமைதி, குப்பையைக் கையோடு எடுத்துப்போவது ஆகியவற்றில் கண்டிப்பு காட்டினால் யாருக்கும் வருத்தம் வரக் கூடாது. க்ரும்லோவுக்கு வடக்கே உள்ள ப்ளான்ஸ்கி லெஸ் காடு பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதி. அங்கே நினைத்த இடத்தில் நெருப்பு மூட்டுவதை மன்னிக்கவே முடியாது.

கூடாரத்தில் தங்குவதன் பெரிய லாபம் காலை நேரம். பேருந்துகள் வரும் முன்பு ஊருக்குள் நடந்து போய்விடலாம். கோட்டை வாசல் அகழியில் கரடிகள் அப்போதுதான் எழுந்து உலாவும். இத்தாலியின் ஒர்சீனி பிரபுக்கள் தங்கள் உறவினர் என்று ரோஷ்ம்பெர்க் குடும்பம் பெருமை கொண்டாடியது. அந்தப் பெயரில் கரடி இருப்பதால் இங்கே கரடி வளர்க்கும் வழக்கம் ஒட்டிக்கொண்டது. கோட்டைக்குள் தவறவிடக் கூடாதது நாடக அரங்கு. 1760களில் இன்றைய வடிவம் பெற்ற இந்த அரங்கில் அன்றைய திரைச்சீலைகள், உடைகள், மேடைக்குக் கீழே மர உருளைகளும் கயிறுகளும் கொண்ட இயந்திர அமைப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆட்கள் கீழே நின்று உருளையைச் சுழற்றினால், மேலே காடு சில நொடியில் அரண்மனையாக மாறும். உலகில் இப்படி முழுதாகத் தப்பிய அரங்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிறு குழுக்களாகத்தான் உள்ளே விடுகிறார்கள். பேருந்து அட்டவணைக்குள் இதற்கு இடமே கிடையாது.

ஊருக்குக் கீழேயும் ஆறு தொடர்கிறது. அடுத்த பெரிய நிறுத்தம் ஸ்லாட்டா கொருனா. மன்னர் இரண்டாம் ப்ரெமிஸல் ஒட்டகர் 1263இல் நிறுவிய மடாலயம் ஆற்று வளைவில் அமர்ந்திருக்கிறது. 1785இல் மடாலயத்தைக் கலைத்த பிறகு அந்தக் கட்டடங்கள் நெடுங்காலம் தொழிற்சாலையாக இருந்தன என்பதை இன்று நம்புவது கடினம். அதற்கும் கீழே, பாறை முனையில் தீவ்சீ கமென் கோட்டையின் இடிபாடு. 1349இல் ரோஷ்ம்பெர்க் குடும்பம் தொடங்கிய கோட்டை அது. நடக்கத் தெம்பு இருப்பவர்களுக்கு 1,084 மீட்டர் உயர க்ளெத் மலை இருக்கிறது. அதன் உச்சியில் 1825இல் கட்டிய கல் கோபுரத்திலிருந்து வானம் தெளிந்த நாளில் ஆல்ப்ஸ் மலைகள் தெரியும். இந்த வட்டாரத்து மண்ணில் கிராஃபைட் உண்டு. க்ரும்லோவிலேயே ஒரு பழைய சுரங்கம் பார்வைக்கு இருக்கிறது. பக்கத்து நகரமான செஸ்கே புதேயோவிட்சேவில் ஹார்ட்முத் நிறுவனம் 1848 முதல் பென்சில் செய்கிறது. தன் சிறந்த பென்சிலுக்கு அது வைத்த பெயர் கோஹினூர், நம் நாட்டிலிருந்து போன வைரத்தின் பெயர்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இது பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. ஆற்றின் இந்தப் பகுதி புதியவர்களுக்கும் ஏற்றது. படகு, துடுப்பு, மிதவை அங்கி, பீப்பாய் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். சில கடைகளில் கூடாரமும் கிடைக்கும். இறங்கும் இடத்தில் படகை ஒப்படைத்துவிட்டுப் போய்விடலாம். கனோவில் உட்காரப் பயப்படும் குடும்பங்களுக்குக் காற்றடைத்த ராஃப்ட் படகு உண்டு. பிராகிலிருந்து க்ரும்லோவுக்கு நேரடி ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். செக் பள்ளிகள் திறந்துவிடும் செப்டம்பர் முதல் வாரங்களில் ஆற்றில் நெரிசல் குறைந்திருக்கும். இரவுக் குளிருக்குக் கனமான உறக்கப் பை அவசியம். வயதானவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் ஊருக்கு வெளியே கிராமத்து விடுதியில் ஒரு இரவு தங்கி, காலையில் ஆற்றோரமாக நடந்து ஊருக்குள் வரலாம். அதுவே பேருந்து நிறுத்தத்தைவிட எவ்வளவோ மேல்.

பயண ஏற்பாட்டாளர்களிடம் கேட்க வேண்டியதும் இதைத்தான். ஐரோப்பியப் பயணத் திட்டத்தில் ஒரு நாட்டைக் குறைத்துவிட்டு, அந்த நாட்களை விஷ்ஷி ப்ரோடுக்கும் க்ரும்லோவுக்கும் நடுவே ஆற்றங்கரையில் கழிக்க ஏற்பாடு செய்யுங்கள். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தூரம்தான். காசு கொடுப்பவர்கள் நாம், கேட்டால் செய்து தருவார்கள்.